சாயங்காலச் சங்குக்கு முன்

22 ஜூன் 1959, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணியில் பாதி வேலிக்கு அப்பால். பக்கத்து குவார்ட்டர்ஸ் லூர்து அக்கா சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். மேலாக இருந்தது என் உள்பாவாடை. நாலு மாதப் பழக்கத்தில் இது ஒன்றுதான் பாக்கி.

இந்த டைரி என் வீட்டுக்காரருக்கு ஒர்க்ஷாப்பில் யாரோ கொடுத்தது. ஜனவரியிலிருந்து வெற்றுப் பக்கம். எனக்கு ஆயிற்று. ஒளிக்கும் இடம்: கோதுமை மாவு டின்னுக்குப் பின்னால். எழுதும் நேரம்: கிடைத்தபோது.

முதல் பக்கத்தில் தன்னைப் பற்றி எழுத வேண்டும் போலும். தனபாக்கியம், 29. ஸ்ரீரங்கத்தில் எலிமெண்டரி ஸ்கூலில் ஆறு வருஷம் டீச்சர். மாசியில் கல்யாணம், இரண்டாம் தாரமாக. அவர் பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். நீ வேலைக்குப் போக வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். இப்போது எனக்கு ஒரே மாணவி. மூத்தாள் செண்பகத்தின் மகள் சாந்தி, ஐந்து வயது, ஒன்றாம் வகுப்பு. செண்பகம் போய் இரண்டு வருஷம். டைபாய்டு. இனி செ. என்றே எழுதுகிறேன். முழுப் பெயரை எழுதினால் கூப்பிடுவது போல இருக்கிறது.

கூடத்தில் செ. படம் இருக்கிறது. சாந்தி அதைப் பார்த்து என்னிடம் கேட்டாள், "அது யாரு சித்தி? அத்தை வீட்டு ஆளா?" மூன்று வயதில் விட்டுப் போனவளின் முகம் எப்படி நினைவிருக்கும். பாவம்.

சாயங்காலம் லூர்து அக்கா துணியைக் கொடுக்கும்போது என் கையையே பார்த்தார். "சாயங்காலமானா வளையலைக் கழட்டிடுறீங்களே, ஏன் தங்கச்சி?"

பார்த்தேன். இரண்டு கையும் மொட்டை. வளையல்கள் ஜன்னல் மேடையில், ஆறு ஆறாக அடுக்கி. எப்போது கழற்றினேன்? நினைவில்லை. சுமங்கலி விளக்கு வைக்கும் நேரத்தில் வெறுங்கையோடு நிற்கலாமா என்று அம்மா பார்த்தால் ஒரு பாட்டம் அழுவாள். உடனே போட்டுக்கொண்டேன்.

26 ஜூன், வெள்ளி

உறையூரிலிருந்து அண்ணி வந்தார். அவருடைய அக்கா. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய், வாயில் நாலு குறை. தரை வழுக்குகிறது, காபி தண்ணீர், குழந்தை இளைத்துவிட்டாள், வாசல் கோலம் சின்னது.

ஐந்து மணிக்கு அவர் வந்து டிபனுக்கு உட்கார்ந்தார். உப்புமா வைத்தேன். சட்னி வைத்தேன். அண்ணி சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக,

"செண்பகமும் அந்தப் பக்கம் நின்னுதான் வைப்பா."

அவருக்கு வலது பக்கம் நின்றிருந்தேன். அது ஒரு விஷயமா? கூடத்தில் இடது பக்கம்தான் தாராளம். வலது பக்கம் சுவர், நுழைந்து குனிய வேண்டும். இருந்தும் தினமும் அங்கேதான் நிற்கிறேன் என்பது அண்ணி சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அண்ணி எழுந்து என் கையைப் பிடித்தார். ஜன்னலைப் பார்த்தார். "வளையலையும் அவ அங்கதான் கழட்டி வெப்பா. ஆறு ஆறா. உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க அண்ணி."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் தலையைத் தூக்கவே இல்லை. இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

பஸ் ஏறும்போது அண்ணி என் நெற்றியில் திருநீறு பூசினார். "அவ உங்கிட்ட வந்துட்டா தனம். பயப்படாதே. நல்லவதான். ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு படையல் போட்டுடுவோம்."

பயப்படாதே என்று யாராவது சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வரும். சின்ன வயசிலிருந்தே அப்படி.

27 ஜூன், சனி

செ. பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம்:

உயரம் என்னைவிடக் குறைவு (புடவை ஜாக்கெட் பார்த்து).
ஊர் துறையூர்ப் பக்கம்.
அதிகம் பேசமாட்டாள் (லூர்து அக்கா).
முறுக்கு நன்றாகச் சுற்றுவாள் (அண்ணி, இரண்டு தடவை).

அவ்வளவுதான். இவளை நான் பார்த்ததில்லை. இவள் பழக்கம் என் கைக்கு எப்படி வரும்?

கையை மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்த்தேன். வெங்காயம். என் கைதான்.

30 ஜூன், செவ்வாய்

தூறல். காலையில் அவர் குடை கேட்டார். ஆணியில் இல்லை. தேடித் தேடி, அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. கறுப்புக் குடை, வளைந்த பிரம்புப் பிடி, ஒரு கம்பி கோணல். "இங்க யாருங்க வெச்சது?" என்றேன். அவர் குடையை வாங்காமலே நனைந்துகொண்டு சைக்கிள் ஏறினார்.

ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி அரிசி டின்னுக்குப் பின்னால்.

வீட்டில் இருந்தது நானும் குழந்தையும். சாமி விளக்கைத் தூண்டிவிட்டு அதன் முன் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷம் பிள்ளைகளுக்குப் பேய் பிசாசு இல்லை என்று பாடம் நடத்தியவள்.

1 ஜூலை, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

சமையல் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். சாந்தி சிலேட்டில் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று சிலேட்டை வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். குடையை எடுத்தாள். அரிசி டின்னுக்குப் பின்னால் நிறுத்தினாள். நேரே என்னிடம் வந்து, "கழட்டு சித்தி" என்று கையைப் பிடித்தாள். ஒவ்வொன்றாக உருவி ஜன்னலில் அடுக்கினாள். இது தினமும் நடக்கும் விளையாட்டு. நான் கரண்டியும் கையுமாக எங்கேயோ பார்த்துக்கொண்டு கையை நீட்டியிருக்கிறேன். கடைசி வளையலை அடுக்கும்போது, வேலை விடும் ஒர்க்ஷாப் சங்கு ஊதியது.

சங்குக்குப் பிறகு இல்லை. சங்குக்கு முன். கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தை.

"ஏன் கண்ணு குடையை அங்க வெச்சே?"

"எந்தக் குடை?"

பொய் இல்லை. பிள்ளைகளின் பொய்யை முகம் பார்த்துச் சொல்லிவிடுவேன், அதில் எனக்கு நல்ல சர்வீஸ். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. கேட்டவுடன் குழம்பி, அழ ஆரம்பித்தாள்.

பேய் இல்லை, குழந்தை. அப்பாடா என்று சிரித்தேன். காபி போட்டுக் குடித்தேன். பாதி டம்ளரில் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தைக்கு யார் கற்றுக் கொடுத்தது?

என் வகுப்பில் ஒரு பெண். எனக்குத் தலைவலி வரும் நாட்களில் நான் வாய் திறக்கும் முன்பே எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். எப்படித் தெரியும் என்றால் முழிப்பாள். நான் சாக்கட்டியை வைக்கும் விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். வாய்ப்பாடு மூன்று வருஷமாக ஏறாத பெண் அவள். சொல்லிக் கொடுத்தது ஏறவில்லை, சொல்லிக் கொடுக்காதது ஏறிவிட்டது.

சாந்தி படத்தில் அம்மாவின் முகத்தை அடையாளம் தெரியாதவள். ஆனால் அம்மா சங்குக்கு முன் என்ன செய்வாள் என்பது கையில் இருக்கிறது.

அடுத்த கேள்வியை எழுத மனம் வரவில்லை. செ. ஏன் குடையை ஒளித்தாள்?

3 ஜூலை, வெள்ளி

ஒரு சோதனை. குடையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

நேரம் வந்ததும் சாந்தி முக்காலி போட்டு ஏறினாள். ஆணி காலி. அந்த ஆணி மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே நின்றாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. சங்கு ஊதியது. முக்காலி மேலேயே வாந்தி எடுத்தாள்.

கழுவி, துடைத்து, மடியில் போட்டுக்கொண்டேன். எனக்கு இந்த டீச்சர் புத்தி போகவே போகாது. என் மேல் எனக்கே ஆத்திரம். குடை மறுபடி ஆணியில்.

அவர் வந்தார். மல்லிகைப்பூ, மிக்சர் பொட்டலம். குழந்தைக்கு வாந்தி என்றதும் முகம் வாடி, தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்தார். இந்த நாலு மாதத்தில் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. இதையும் எழுதிவிட வேண்டும். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

5 ஜூலை, ஞாயிறு

முக்கொம்பு போனோம். புளிசாதம், வடாம், வெள்ளரிக்காய். நல்ல கூட்டம். மதகில் தண்ணீர் விழுவதைப் பார்த்துச் சாந்தி கைதட்டினாள். அவர் பழைய பாட்டு ஏதோ முணுமுணுத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

ஒரு குரங்கு வந்து டிபன் கேரியரில் கை வைத்தது. அவர் ஒரு கல்லை எடுத்து ஓங்கினார். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கை. கல்லை ஓங்கியது இடது கை. அதை நான் இன்றுவரை கவனித்ததில்லை.

குரங்கு நகரவே இல்லை. நகர்ந்தது நாங்கள். சாந்தி அவருக்கு வலது பக்கமாக ஒதுங்கினாள். நானும் அதே பக்கம் ஒதுங்கியிருந்தேன். அவள் உள்ளங்கை வலது காதின் மேல். என் உள்ளங்கையும் என் வலது காதின் மேல். இரண்டு பேரும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி, கும்பிடுவதற்குச் சொல்லிக் கொடுத்தது போல.

அவர் எங்களைப் பார்த்தார். கல் கையிலேயே இருந்தது. குரங்கு வடாமை எடுத்துக்கொண்டு மரம் ஏறிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். என்னை யாரும் அடித்ததில்லை. என் அப்பாகூட. அடி வாங்காத காதை எதற்கு மூடினேன்?

7 ஜூலை, செவ்வாய்

லூர்து அக்காவிடம் கேட்டேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரே துண்டை மூன்று தடவை மடித்தார்.

"நான் ஒண்ணும் பாக்கலை தங்கச்சி. நடுவுல சுவர் இருக்குல்ல."

"பாக்க வேண்டாங்க. கேட்டிருப்பீங்கல்ல?"

"சத்தம் கேக்கும். வளையல் ஒடையற சத்தம் கேக்கும். அப்புறமா அதுகூடக் கேக்கலை. அவ பாவம், ஒரு சத்தம் போடமாட்டா." சிலுவை போட்டுக்கொண்டார். "இப்ப எதுக்கு அதெல்லாம்? ஒங்களை நல்லா வெச்சிருக்காருல்ல?"

ஆமாம் என்றேன். நல்லாத்தான் வைத்திருக்கிறார்.

வளையல் ஏன் சங்குக்கு முன் ஜன்னலுக்குப் போனது என்பது தெரிந்துவிட்டது. உடைந்தால் கை கிழியும். வலது பக்கம் ஏன் என்பதும். குடை அவர் கைக்கு ஏன் எட்டக்கூடாது என்பதும். செ. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் பெண்ணுக்கும் சொல்லியிருக்கமாட்டாள். பார்த்துப் பார்த்துப் பெண்ணின் கைக்கு வந்தது. பெண்ணிடமிருந்து என் கைக்கு.

9 ஜூலை, வியாழன்

சாந்திக்குக் காய்ச்சல். மத்தியானத்திலிருந்து அசந்து தூக்கம். ஈரத்துணி மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். நடுவில் கஞ்சி வைக்க ஒரு தடவை எழுந்தேன், அவ்வளவுதான்.

சங்கு ஊதியது. தலையைத் தூக்கி ஆணியைப் பார்த்தேன். காலி.

குழந்தை படுக்கையில் அசையாமல். கதவு உள்பக்கம் தாழிட்டபடி. அரிசி டின்னுக்குப் பின்னால் போய்ப் பார்க்கப் பத்து நிமிஷம் துணிவு வரவில்லை. போய்ப் பார்த்தேன். குடை நின்றது. பிரம்புப் பிடியில் ஈரம். கஞ்சியின் ஈரம்.

நான்தான்.

நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அடுப்பு நினைவிருக்கிறது, உப்புப் போட்டது நினைவிருக்கிறது. குடை இல்லை. பேயாக இருந்திருந்தால் பரவாயில்லை, வேப்பிலை அடித்தால் போகும். இது எதை அடித்தால் போகும்?

12 ஜூலை, ஞாயிறு

படையல் ஆயிற்று. எழுத்து கோணலாக வருகிறது.

இவர்கள் வழக்கத்தில் பூவாடைக்காரி என்பார்கள். சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுப்புடவை, பூ, வளையல், மஞ்சள் வைத்து வீட்டிலேயே படைப்பது. படைத்துக் கூப்பிட்டால் யார் மேலாவது வருவாள், குறை சொல்வாள் என்று நம்பிக்கை. என்னைத் தலை குளிக்க வைத்து, இலைக்கு முன் உட்கார்த்தி, அந்தப் புடவையைத் தோளில் போட்டார் அண்ணி. பச்சை, அரக்கு பார்டர். லூர்து அக்கா கதவோரம். சாந்தி சுவரோரம்.

நான் முடிவோடு உட்கார்ந்திருந்தேன். ஆடமாட்டேன். வாய் திறக்கமாட்டேன். நான் தனபாக்கியம்.

"செண்பகம், வந்துட்டியாம்மா? என்ன குறை, சொல்லு." அண்ணி மூன்று தடவை கேட்டார். நான் இலையில் இருந்த கொழுக்கட்டையை எண்ணினேன். ஒன்பது.

அவர் தேங்காய் உடைக்க வந்தார். தேங்காயை எடுத்து ஓங்கினார். இடது கை.

என் உள்ளங்கை காதுக்குப் போய்விட்டது. சுவரோரம் சாந்தியின் கையும்.

தேங்காய் விழவில்லை. அவர் அதை மெதுவாகத் தரையில் வைத்தார். முழங்காலிட்டு என் முன் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில், கன்றுக்குட்டியை அழைக்கிற மாதிரி ஒரு மெல்லிய குரலில்,

"இனிமே அடிக்க மாட்டேன் செண்பகம். சத்தியமா. நீ வா."

நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆச்சரியம் இல்லை. லூர்து அக்கா தரையைப் பார்த்தார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது, தாலி கட்டியபோது, நாலு மாதமாகத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொன்னது ஒரே ஒரு ஆள், ஐந்து வயதுக் குழந்தை. சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியாது.

அண்ணி கற்பூரம் ஏற்றினார். "மன்னிச்சிட்டா! பாரு, மூஞ்சி எப்படித் தெளிஞ்சிருக்கு!" என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார்.

யார் மன்னித்தது? நான் வாயே திறக்கவில்லை.

13 ஜூலை, திங்கள்

வீடே தெளிந்துவிட்டது போல எல்லாருக்கும் நடை. அவர் பச்சைப் புடவையை நான் உடுத்தியே ஆக வேண்டும் என்றார். உடுத்தினேன். "நல்லா இருக்கு" என்றார். யாருக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஆடி பிறக்கப் போகிறது. புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டிய மாதம். 16ஆம் தேதி தம்பி வருகிறான். "சாந்தியையும் கூட்டிட்டுப் போகட்டுங்களா?" என்று கேட்டேன். அண்ணி, அது வழக்கமில்லை என்றார். அவர், "கூட்டிட்டுப் போ, குழந்தை உன்னை விட்டு இருக்காது" என்றார். நல்ல வார்த்தை. இவரை எப்படி வெறுப்பது என்றே தெரியவில்லை.

20 ஜூலை, திங்கள். ஸ்ரீரங்கம்

அம்மா வீடு, அடையவளஞ்சான் தெரு. காவிரியில் புதுத் தண்ணீர். பாலத்தில் பஸ் நின்றே போகிறது, எல்லாருக்கும் எட்டிப் பார்க்க வேண்டும்.

இங்கே சங்கு இல்லை. முதல் நாள் சாயங்காலம் சாந்தி சிலேட்டை வைத்துவிட்டு எழுந்தாள். சுவர் சுவராகப் பார்த்தாள். என் வளையலை உருவினாள். நேற்றுவரை தினமும். இன்று சிலேட்டை வைத்தாள், பிறகு எதற்கு எழுந்தோம் என்பது போல நின்று, தெருப் பிள்ளைகளோடு பாண்டி விளையாடப் போய்விட்டாள்.

அழுதேன். அம்மா, புருஷன் நினைவு என்று எண்ணிச் சிரித்தாள்.

நான்? இன்றைக்கும் சாயங்காலம் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. குழந்தைக்குச் சீக்கிரம் வந்தது சீக்கிரம் போகும் போல. எனக்கு அப்படி இல்லை.

3 ஆகஸ்ட், திங்கள்

பதினெட்டாம் பெருக்கு. அவர் வந்திருந்தார். காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. படித்துறையில் மஞ்சள் கயிறு மாற்றிக் கட்டி, காப்பரிசி விட்டு, சித்ரான்னம் சாப்பிட்டோம். அம்மாவுக்குப் புடவை, தம்பிக்குச் சட்டைத்துணி. எனக்குப் பூ, சாந்திக்கு ரிப்பன். சாந்தி தானாகப் போய் அவர் மடியில் உட்கார்ந்தாள், இடது பக்கம். காதில் கை போகவில்லை.

எனக்குள் ஏதோ இறுக்கம் விட்டது. ஒருவேளை படையலில் நிஜமாகவே ஏதோ தீர்ந்திருக்கலாம். மனுஷன் மாறக்கூடாதா? ஒரு ஃபிட்டர் தன்னைத்தானே ரிப்பேர் செய்துகொள்ளக்கூடாதா?

"ஆவணி ஒண்ணாந்தேதி வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். சரிங்க என்றேன். சந்தோஷத்தோடுதான் சொன்னேன்.

15 ஆகஸ்ட், சனி

சுதந்திர தினம். பழைய ஸ்கூலில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கூப்பிட்டிருந்தார், சாந்தியோடு போனேன். மிட்டாய். எனக்குப் பதிலாக வந்த டீச்சர் கல்யாணம் ஆகிப் போகிறாளாம். "இடம் காலியா இருக்கு தனம்" என்றார். எனக்கெதற்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மத்தியானம். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன், திங்கட்கிழமைப் பயணத்துக்கு. பின்கட்டில் சாந்தி பொம்மையோடு. அம்மா பழைய புடவையில் தைத்துக் கொடுத்த துணிப்பொம்மை. பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

பொம்மையைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். எதிரே போய் நின்றாள். அடித்தாள். இடது கையால்.

சாந்திக்கு எல்லாம் வலது கை. சிலேட்டுக் குச்சி, சோறு, பாண்டிக் கல், எல்லாம். நான்தானே எழுத்துப் பழக்குகிறேன்.

பொம்மை சரிந்தது. சாந்தி முழங்காலிட்டாள். "இனிமே அடிக்க மாட்டேன். சத்தியமா. நீ வா." அதே மெல்லிய குரல். ஐந்து வயதுத் தொண்டையில் அந்தக் குரல்.

சரி, படையலில் கேட்டாள், திருப்பிச் சொல்கிறாள் என்று என்னை நானே தேற்றினேன். அதற்குப் பிறகு நடந்தது படையலில் இல்லாதது.

பொம்மையை மடியில் போட்டாள். தலை வாரினாள். மிட்டாயை அதன் வாயில் தொட்டு வைத்தாள். வேலியில் ஒரு பூப் பறித்து வைத்தாள். பூ வைத்து, அழகு பார்த்து, மறுபடி சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். எதிரே போய் நின்றாள். இடது கையை ஓங்கினாள்.

மூன்று தடவை பார்த்தேன். ஒரு படிகூட மாறவில்லை. அடி, சத்தியம், தலை வாருவது, தின்பண்டம், பூ, அடி. இவள் பிறந்து செ. உயிரோடிருந்த மூன்று வருஷத்தில் எத்தனை தடவை பார்த்திருந்தால் இப்படி வரிசை தப்பாமல் வரும்?

அருகில் போனேன். "யாரும்மா அது, பொம்மை பேரு என்ன?"

"பேரு இல்லை சித்தி." முகத்தில் ஒன்றுமே இல்லை. பல்லாங்குழி ஆடுகிற முகம். "சும்மா வெளையாடறேன்."

அந்த வரிசையில் நாங்கள் இப்போது பூ வைக்கிற இடத்தில் இருக்கிறோம்.

பெட்டியிலிருந்து துணியை எல்லாம் வெளியே எடுத்துவிட்டேன்.

16 ஆகஸ்ட், ஞாயிறு

அம்மாவிடமும் தம்பியிடமும் சொன்னேன். சொல்லும்போதே பைத்தியக்காரப் பேச்சாக இருந்தது, எனக்கே. குடை, வளையல், பொம்மை.

அம்மா: "உன்னை ஒரு அடி அடிச்சிருக்காராடி?"

"இல்லைம்மா."

"ஒரு அடி விழாதவ புருஷன் வீட்டை விட்டு வந்து உக்காந்தா தெரு என்ன பேசும்? பொம்மை வெச்சு வெளையாடுனதைப் பாத்து வந்துட்டேன்னு சொல்லுவியா?"

தம்பி: "அக்கா, நீ வேணா இருந்துக்க. குழந்தை அவர் பெத்தது. கேட்டா நாம குடுத்துத்தானே ஆகணும்?"

எனக்குச் சட்டம் தெரியாது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதி, தம்பியிடம் கொடுக்காமல் நானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வெயில்.

அம்மா, நாளை மாப்பிள்ளை வருகிறார் என்று கேசரிக்கு ரவை வறுத்து வைத்திருக்கிறாள்.

17 ஆகஸ்ட், திங்கள்

லேசான மேகம். பத்து மணிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் தாழம்பூ, அல்வாப் பொட்டலம். அம்மா உள்ளே காபி கலக்க ஓடினாள். நான் வாசலை விட்டு நகரவில்லை.

"கெளம்பலையா தனம்?"

"நான் வரலைங்க. சாந்தியும் வரலை."

சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. பிறகு, "ஏன்? உன்மேல ஒரு தடவை கை வெச்சிருப்பேனா? சொல்லு."

"இல்லைங்க."

"அப்புறம் என்ன?"

"அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியுங்க."

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எதிர்வீட்டில் ஆள் நின்றது. பூவை என் பக்கம் நீட்டினார். குரல் இறங்கி வந்தது, பின்கட்டில் கேட்ட அதே குரல்.

"சத்தியமா, தனம். நீ வா."

பின்னாலிருந்து சாந்தி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. கதவை இரண்டு கையாலும் தள்ளிச் சாத்தினாள். நான் தாழ்ப்பாள் போட்டேன்.

அம்மா காபியோடு வந்தாள். "என்னடி இது அநியாயம், மாப்பிள்ளையை வெளியில நிறுத்தி" என்று ஆரம்பித்தாள்.

கதவில் அடி விழுந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. மேலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

அம்மா காபியைக் கீழே வைத்தாள். எக்கி, மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.